உயிரெழுத்து

காலை ஐந்தரைக்கே தொலைபேசி எழும்பிவிடும்.
"கட்டி என்ன விலை?"
இரண்டு சொல் சொல்லியிருப்பேன்.
"ஏன் புள்ள அழுறீங்க?"

அழவில்லை ஐயா, என் குரல் அப்படி.
இதைச் சொல்லும்போதும்
தொண்டைக்குள் யாரோ கதவை அறைந்ததுபோல்
அந்த முதல் 'அ' நொறுங்கி
அவர் காதில் விசும்பலாய் விழுகிறது.

கொட்பேத் துறைமுகத்து ஐஸ் கொம்பனியில்
பதினொரு வருடமாய்க் கணக்கெழுதுகிறேன்.
படகுக்காரரிடம் எனக்கு ஒரு கதை இருக்கிறது:
புருஷன் விட்டுட்டுப் போனவனாம்,
கனடாவில் இன்னொருத்தியாம்.
எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.
கிண்ணியா பசீர்தீன் நானா இரக்கப்பட்டு
பாரைக் குட்டி கொடுத்தனுப்புவார்.
திருப்பியனுப்ப ஒரு முழு வாக்கியம் வேண்டும்.
பொரித்துத் தின்றேன்.

மிளகும் தேனும் தின்று பார்த்தாயிற்று.
பாலையூற்று மாதாவுக்கு
ஒன்பது சனிக்கிழமை நடந்தும் பார்த்தாயிற்று.
கண்டி ஆஸ்பத்திரியில் மூக்கு வழியே குழாய் விட்டு
திரையில் காட்டினார் டொக்டர்.
கழுவி வைத்த கணவாய்த் துண்டுகள்போல் இரண்டு,
எதிரெதிரே.
"ஈ சொல்லுங்க."
சொன்னேன். அவை ஒன்றையொன்று
நெரித்துக்கொண்டு நின்றன.
"பாடுங்க."
பூசைப் பாட்டில் ஒரு வரி பாடினேன்.
குரல் போய்வந்தது, ஒரு தடங்கல் இல்லை.
குசுகுசுத்தால் சுகம். சிரித்தாலும் சுகம்.
கதைக்கிறதில் மட்டும்தான் நோய் என்றார்.
மூளை பிழையான கட்டளை போடுகிறதாம்.
மூன்று மாதத்துக்கொரு ஊசி.
விலை சொன்னார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு என்று
பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தவள்தான்.
இப்போது மெய் சுகமாய் இருக்கிறது.
உயிரில்தான் சிக்கல்.
'ஐஸ்' வராது, 'கட்டி' என்பேன்.
'ஆம்' வராது, 'சரி'.
'இல்லை' வராது, 'முடிஞ்சுது'.
எமல்டா என்ற என் பெயரில்
உயிரைக் கழற்றிவிட்டு 'மெல்டா' என்கிறேன்.
'அம்மா'வுக்கு மாற்றுச் சொல் கிடைக்கவில்லை.
வீட்டில் கைதட்டிக் கூப்பிடுகிறேன்.

ஒருநாள் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு
கோட்டைப் பக்கமாய் நடந்தபோது
ஒரு மான் குப்பைக்குள் மேய்ந்துகொண்டிருந்தது.
"ஏய், அந்தப் பொலித்தீனைத் துப்படி" என்றேன்.
எழுத்துக்கு எழுத்து முழுதாய் வந்தது.
திகைத்து நின்றேன்.
மான் துப்பவில்லை.

கார்த்திகையில் கடல் கெட்டது.
நாலு நாள் பிந்தி வந்த படகுகளில்
பசீர்தீன் நானாவின் படகு இல்லை.
விடியப்புறம் வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது:
பெடியன்கள் மூன்று பேரையும் தூக்கியாயிற்று.
அவரை, உடலாய்.
மனேஜர் இன்னும் வரவில்லை.
தொலைபேசி எழும்பியது.
"ரிஸ்னா கதைக்கிறன். வாப்பா வந்திட்டாரா?"

எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது.
அந்த அழுகையில் ஏறிக்கொண்டு குரல் வந்தது,
ஒரு விரிசல் இல்லாமல், பூசைப் பாட்டுப்போல:
"இல்லை ரிஸ்னா. உங்கட வாப்பா
இனி இல்லை."
எல்லாம் உயிரில் தொடங்கிய சொற்கள்.
ஒன்றும் உடையவில்லை.

மறுமுனையில் கொஞ்ச நேரம் காற்று.
பிறகு:
"நீங்க ஆரு கதைக்கிறது?
ஐஸ் கொம்பனி அக்காட குரல் இப்பிடி இல்லையே.
பகிடி விடாம அவவிட்டக் குடுங்க."

முகத்தைத் துடைத்தேன்.
மூக்கைச் சிந்தினேன்.
ரிசீவரைக் கையில் பிடித்தபடி
என் பழைய குரல் வரட்டும் என்று
காத்திருந்தேன்.
பிறகு சொல்லத் தொடங்கினேன்:
"எ... எம..."

ரிஸ்னா நம்பினாள்.